பாஸ்க் நாட்டில் எட்டு இரவுகள்: எங்கே தங்கலாம், எதை விடலாம்

செப்டம்பர் கடைசியில் அம்மா, அப்பா, மனைவியுடன், பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையின் இரு பக்கமும் கிடக்கும் பாஸ்க் நாட்டுக்குப் போகிறீர்கள். பாரிஸிலிருந்து ரயிலில் வந்து, பில்பாவோவில் விமானம் ஏறுகிறீர்கள். கையில் எட்டு இரவுகள். பியாரிட்ஸில் அறை எடுத்து அங்கிருந்தே எல்லா ஊர்களையும் பார்த்துவிடலாமா, முழங்கால் வலியுள்ள அப்பா மலையைப் பார்க்க வழி உண்டா, சைவம் சாப்பிடும் மனைவிக்கு என்ன கிடைக்கும், மணப்பாட்டில் பிறந்த அம்மா புனித சவேரியாரின் ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறாரே, அது வழியில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிரான்ஸின் போர்தோ நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். அங்கிருந்து பாஸ்க் ஊரான பயோன் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் தெற்கே போய்விடுவது என் வழக்கம். அந்த மண்ணின் மீது எனக்குப் பற்று அதிகம். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தங்குமிடம். பியாரிட்ஸ் வேண்டாம். பிரான்ஸ் பக்கம் சான்-ழான்-த-லூஸில் மூன்று இரவு, ஸ்பெயின் பக்கம் சான் செபாஸ்டியனில் மூன்று இரவு, பில்பாவோவில் இரண்டு இரவு தங்குங்கள். இந்த மூன்று ஊர்களையும் ரயிலும் பஸ்ஸும் நன்றாக இணைக்கின்றன. ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் பெரியவர்கள் மூன்றாம் நாளே களைத்துவிடுவார்கள். பாஸ்க் நாட்டின் பெரிய வசதியே அதன் சிறிய அளவுதான். காலையில் கடலில் கால் நனைத்துவிட்டு, மதியம் மலை உச்சியில் கழுகு பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரப் பயணம்தான்.

புறப்படும் முன் ஒரு சொல்லை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ‘எச்செ’ என்றால் பாஸ்க் மொழியில் வீடு. ‘எச்செயான்’ என்றால் வீட்டில், ‘எச்செரா’ என்றால் வீட்டுக்கு, ‘எச்செதிக்’ என்றால் வீட்டிலிருந்து. நாம் உருபு சேர்ப்பதைப் போலவே சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டே போகிறார்கள். இதைப் பார்த்ததும் பாஸ்க் மொழியும் தமிழும் உறவு என்று நம்மில் சிலர் மகிழ்ந்துபோவது உண்டு. அந்த உறவை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. இன்று உயிரோடு இருக்கும் எந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. சுற்றிலும் லத்தீனின் பிள்ளைகள் நாட்டையே நிறைத்துவிட்ட பிறகும் அது தனியாக நிற்கிறது. அந்த மக்கள் தங்களை ‘எவுஸ்கால்துன்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். எவுஸ்கராவை, அதாவது பாஸ்க் மொழியை, உடையவர் என்பது அதன் பொருள். மண்ணையோ அரசையோ வைத்து வந்த பெயர் அல்ல, மொழியை வைத்து வந்த பெயர். இதை ஒரு தமிழருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வீடு என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த மலை ஊர்களில் ஆளை வைத்து வீட்டுக்குப் பெயர் வரவில்லை, வீட்டை வைத்துத்தான் ஆளுக்குப் பெயர் வந்தது. பழைய வழக்கப்படி வீடும் நிலமும் துண்டாகாமல் ஒரே பிள்ளைக்குப் போகும். பிரான்ஸ் பக்கத்து லபூர் பகுதியில் மூத்தது பெண்ணாக இருந்தால் பெண்ணுக்கே போகும். மற்றப் பிள்ளைகள் கடலுக்கோ, துறவுக்கோ, அமெரிக்காவுக்கோ போக வேண்டியதுதான். இதைத் தெரிந்துகொண்டு போனால், வெள்ளைச் சுவரும் சிவப்புச் சன்னலுமாக நிற்கும் ஒவ்வொரு வீடும் உங்களிடம் பேசத் தொடங்கும்.

சான்-ழான்-த-லூஸில் இறங்கிய அன்று வேறு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். ரயில் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே பத்து நிமிடம்தான். குடா வளைந்து கிடக்கும். வாயில் மூன்று அலைதடுப்புச் சுவர்கள் இருப்பதால் தண்ணீர் குளம்போல் அமைதியாக இருக்கும். அந்தச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தவை. அதற்கு முன் கடல் இந்த ஊரைத் தெருத் தெருவாக விழுங்கிக்கொண்டிருந்தது. அம்மா கடலில் இறங்க விரும்பினால் இங்கே இறங்கட்டும், பியாரிட்ஸில் வேண்டாம். அங்கே அலையும் நீரோட்டமும் கடுமையானவை.

மறுநாள் காலையில் புனித யோவான் தேவாலயத்துக்குப் போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கோட்டைச் சுவர்போல மொட்டையாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் பொன் பூசிய பீடம் கண்ணைப் பறிக்கும். ஆனால் நீங்கள் தலையைத் திருப்பி இரு பக்கச் சுவர்களையும் பாருங்கள். கருவாலி மரத்தில் மூன்று அடுக்கு மாடங்கள் ஓடுகின்றன. அந்தக் காலத்தில் ஆண்கள் அந்த மாடங்களில் ஏறி நிற்பார்கள். பெண்கள் கீழே, தங்கள் தங்கள் வீட்டுக்கு உரிய தரைக்கல்லின்மேல் இருந்து, அடியில் புதைந்த முன்னோருக்காக மெழுகு ஏற்றுவார்கள். கோயிலுக்குள்ளும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் இருந்தது. நடுக்கூடத்தில் ஒரு கப்பலின் மாதிரி தொங்குகிறது. மீனவர் ஊரில் பிறந்த உங்கள் அம்மாவுக்கு அதன் பொருளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே கோயிலில்தான் 1660 ஜூன் 9 அன்று பிரான்ஸின் 14ஆம் லூயிக்கும் ஸ்பெயின் இளவரசி மரியா தெரேசாவுக்கும் திருமணம் நடந்தது. இருவருக்கும் வயது 21. மணமக்கள் வெளியே வந்த வாயிலை, வேறு எவரும் அதன் வழியே போகக்கூடாது என்று கல் வைத்து அடைத்துவிட்டதாக ஊரார் சொல்வார்கள். அடைத்த இடம் தெற்குச் சுவரில் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. கதை எப்படியிருந்தாலும் அந்தச் சுவரின் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அரசன் தங்கியிருந்த வீடும், இளவரசி தங்கியிருந்த செங்கல் நிற வீடும் துறைமுகத்தருகே ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில் நிற்கின்றன.

அப்பாவின் முழங்காலுக்கு வருவோம். லா ரூன் மலையின் உயரம் 905 மீட்டர். ஊட்டி, கொடைக்கானலைப் பார்த்தவர்களுக்கு இது குன்றுதான். ஆனால் கடலோரத்திலிருந்து தனியாக எழுந்து நிற்பதால் உச்சியில் நிற்கும்போது உயரம் இரண்டு மடங்காகத் தோன்றும். 1924 முதல் ஒரு பல்சக்கர ரயில் அங்கே ஏறிக்கொண்டிருக்கிறது. மரப்பெட்டிகள், பக்கவாட்டில் கண்ணாடிக்குப் பதில் திரைச்சீலை, மணிக்கு 9 கிலோமீட்டர் போலத்தான் வேகம். உச்சிக்கு 35 நிமிடம். நம் ஊட்டி ரயிலில் போனவர்களுக்குப் பல்சக்கரம் கடகடக்கும் அந்த ஒலி உடனே பிடிபடும். வழியில் ‘பொத்தொக்’ என்ற குட்டையான மலைக்குதிரைகள் தம்பாட்டில் மேய்ந்துகொண்டிருக்கும். பிணந்தின்னிக் கழுகுகள் நம் கண்மட்டத்துக்கு வந்து வட்டமிடும். வானம் தெளிந்திருந்தால் வடக்கே நேர்கோடாகப் போகும் மணற்கரையும், தெற்கே அடுக்கடுக்காக நீலமாகும் மலைகளும் ஒரே சுற்றில் தெரியும். உச்சியிலேயே எல்லைக்கோடு. இரண்டடி வைத்தால் ஸ்பெயின். மேலே சிறு கடைகள் இருக்கின்றன, உட்கார்ந்து காப்பி குடிக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. லா ரூனுக்கு டிக்கெட் முன்பதிவு செய்வது நல்லது, ஆனால் மேகம் நம்மைக் கேட்டு வராது. நான் முதல் தடவை போனபோது உச்சியில் என் கையே எனக்குத் தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. அதனால் அதிகாலையில் கடற்கரையில் நின்று மலையைப் பாருங்கள். உச்சி தெரிந்தால் முதல் அல்லது இரண்டாம் ரயிலுக்குப் போங்கள். பிற்பகலில் மேகம் ஏறிவிடுவது வழக்கம். சான்-ழான்-த-லூஸ் நிலையத்திலிருந்து ரயில் புறப்படும் கணவாய்க்குப் பஸ் இருக்கிறது. மேலே காற்று அதிகம், அம்மாவுக்குக் கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் ஒரு டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். மலையடி ஊர்களுக்குப் பஸ் உண்டு என்று அட்டவணை சொல்லும். ஆனால் மதியத்துக்கு மேல் ஒன்று தவறினால் அடுத்தது மாலையில்தான். ஒரு முறை கடைசிப் பஸ்ஸை விட்டுவிட்டு, இருட்டில் சாலையோரம் ஒரு மணி நேரம் நின்றேன். பெரியவர்களோடு அந்த நிலை வேண்டாம். ஐனோவாவும் எஸ்பெலெத்தும் ஒன்றுக்கொன்று பக்கம். நான்கு பேருக்கு அரைநாள் டாக்ஸி கட்டுப்படியாகும்.

ஐனோவாவில் ஒரே தெருதான். ஸ்பெயினின் புனிதத் தலமான சாந்தியாகோவுக்குப் போகும் யாத்திரிகர்கள் தங்குவதற்காக எழுந்த ஊர். இரு பக்கமும் 17ஆம், 18ஆம் நூற்றாண்டு வீடுகள். வெள்ளைச் சுவர், சிவப்புச் சட்டம், வண்டியே உள்ளே போகும் அகலத்தில் முன்வாசல். லபூர் பகுதியின் பழைய வீடுகள் பெரும்பாலும் கிழக்குப் பார்த்திருக்கும். மழையும் புயலும் மேற்கே கடலிலிருந்து வருவதால் வீடு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. எனவே மேற்குச் சுவரில் சன்னல் குறைவாக இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

அந்தத் தெருவில் ‘கொர்ரித்தியா’ என்ற வீட்டைத் தேடிப் பிடியுங்கள். வாசல் நிலைக்கு மேலே பெரிய கல், அதில் ஸ்பானிய மொழியில் வரிவரியாக எழுத்து. மரியா தெ கொர்ரித்தி என்ற தாய், இறந்துபோன தன் மகன் ஹுவான் தொல்லாகரை ‘இந்தியாக்களிலிருந்து’, அதாவது அமெரிக்காவிலிருந்து, அனுப்பிய பணத்தைக் கொண்டு இந்த வீட்டை மீட்டாள், இதை விற்கவும் கூடாது, அடகு வைக்கவும் கூடாது, ஆண்டு 1662 என்று அந்தக் கல் சொல்கிறது. பிள்ளை கடல் கடந்து போய்ப் பணம் அனுப்புகிறான். பிள்ளை திரும்பவில்லை, வீடு திரும்புகிறது. அந்தத் தாய் அதை ஊரே படிக்கும்படி நெற்றியில் எழுதிவைத்துவிட்டாள். நான் எத்தனை தடவை போனாலும் அந்த வாசலைக் கடக்க எனக்கு நேரம் பிடிக்கும்.

எஸ்பெலெத்துக்கு நீங்கள் சரியான நேரத்தில் போகிறீர்கள். செப்டம்பர் முடிவில் மிளகாய் அறுவடை நடந்துகொண்டிருக்கும். வீட்டு முகப்புகளில் சரம் சரமாகச் சிவப்பு மிளகாய் தொங்கும். கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, நம் சமையலறையைப் பிடித்துக்கொண்டதைப் போலவே இந்த மலையடிவாரத்தையும் பிடித்துக்கொண்டது மிளகாய். இங்கே மிளகு விலை கூடியதாக இருந்ததால் ஏழைகளின் மிளகாகப் புழங்கியது. 2000ஆம் ஆண்டில் பிரான்ஸ் அரசின் பெயர்க்காப்பு கிடைத்தது. பத்து ஊர்களில் விளைந்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். நம் நாக்குக்குக் காரம் போதாது. குண்டூர் மிளகாயை நினைத்துக்கொண்டு வாயில் போட்டால் ஏமாற்றமாக இருக்கும். அதன் அழகு மணத்தில் இருக்கிறது. உலர்ந்த புல்லும் சுட்ட தக்காளியும் கலந்ததுபோல ஒரு வாசனை. முட்டை மேலும் சாக்லேட்டிலும் தூவுகிறார்கள். ஒரு சிறு குப்பி வாங்கினால் போதும். மிளகாய்த் திருவிழா அக்டோபர் கடைசி வார இறுதியில் நடக்கும். அன்று ஊருக்குள் கால் வைக்க முடியாது. திருவிழாவைத் தவறவிடுகிறோமே என்று வருந்த வேண்டாம்.

பயோனில் ரயில் மாறும்போது அரைநாள் இறங்கிப் பார்த்தால் போதும். நிலையத்திலேயே பெட்டி வைக்க இடம் கிடைக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நீவ் ஆறு அதூரில் கலக்கும் ஊர் அது. கரையோர வீடுகள் ஒல்லியாக, உயரமாக, பச்சையும் சிவப்புமாக நெருக்கியடித்து நிற்கும். மேட்டில் பேராலயமும் அதன் அமைதியான சுற்றுமண்டபமும் இருக்கின்றன. பாஸ்க் அருங்காட்சியகத்தில் பழைய வீட்டுச் சாமான்கள், ஏர், படகு, கல்லறைக் கல் எல்லாம் பார்க்கலாம். மழை நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளுக்குக் கீழே சாக்லேட் கடைகள் இருக்கும் தெருவில் ஒரு கோப்பை நுரைத்த சாக்லேட் குடியுங்கள். பிரான்ஸுக்குள் சாக்லேட் தொழிலை இந்த ஊர் வழியாகக் கொண்டுவந்தவர்கள், ஸ்பெயினிலிருந்தும் போர்த்துக்கலிலிருந்தும் விரட்டப்பட்டு ஆற்றின் மறுகரையில் குடியேறிய யூதர்கள். தொழிலைக் கற்றுக்கொண்ட ஊர், அவர்கள் மாலைக்குமேல் தன் சுவருக்குள் தங்கக்கூடாது என்று நெடுங்காலம் தடை வைத்திருந்தது. கோப்பையைக் கையில் ஏந்தும்போது அதையும் நினைத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பியாரிட்ஸுக்கு ஒரு பிற்பகல் கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். திமிங்கிலம் பிடித்து வாழ்ந்த சிறு ஊர், மூன்றாம் நெப்போலியனின் மனைவி எயூஜெனி விரும்பி வந்ததால் அரச குடும்பங்களின் கடற்கரையாகிவிட்டது. அவளுக்காக 1855இல் எழுந்த மாளிகை நின்ற இடத்தில் இப்போது பெரிய ஓட்டல். இரும்புப் பாலம் வழியே கன்னிமரியாள் பாறைக்கு நடந்து போய், அலை மோதுவதைப் பாருங்கள். ஐரோப்பாவில் அலைச்சறுக்கு விளையாட்டு 1957இல் இங்கேதான் வேர் பிடித்தது. கோத் தெ பாஸ்க் கரையில் கடல் ஏறும் நேரத்தில் மணல் முழுவதும் மறைந்துவிடும், ஓதநேரம் பார்த்துப் போங்கள். அறை வாடகையும் கூட்டமும் அதிகம், பழைய ஊர் என்று சொல்ல மிச்சம் இருப்பது குறைவு. அதனால்தான் முதலிலேயே வேண்டாம் என்றேன்.

எல்லையைக் கடக்கும் நாளைத்தான் நான் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். சான்-ழான்-த-லூஸிலிருந்து ஆந்தாய்க்கு ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. நிலையத்தருகே பிதாசோவா ஆறு ஓடுகிறது. அதன் நடுவே மரங்கள் அடர்ந்த ஒரு சிறு திட்டு, ஃபெசண்ட் தீவு. நீளம் சுமார் 200 மீட்டர்தான். பிப்ரவரி முதல் ஜூலை வரை அது ஸ்பெயினுக்குச் சொந்தம், ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை பிரான்ஸுக்குச் சொந்தம். 1659இல் இரு அரசுகளும் நீண்ட போரை முடித்துப் பிரனீஸ் ஒப்பந்தத்தை அங்கேதான் செய்துகொண்டன. மறு ஆண்டு திருமணத்துக்கு முன், மணமகளின் தந்தையான ஸ்பெயின் மன்னனும், அவருடைய அக்காவும் மணமகனின் தாயுமான அரசி ஆனும் அங்கே சந்தித்தார்கள். 1615இல் மணப்பெண்ணாக இதே ஆற்றைக் கடந்துபோன அக்காவைத் தம்பி பார்த்தது 45 ஆண்டுகளுக்குப் பிறகு. தீவுக்குள் போக அனுமதி இல்லை, கரையிலிருந்து பார்க்கலாம்.

ஆந்தாய் கடற்கரைப் படகுத்துறையிலிருந்து சிறு படகு பத்து நிமிடத்தில் எதிர்க்கரையான ஓந்தாரிபியாவில் இறக்கிவிடும். கடவுச்சீட்டுச் சடங்கு எதுவும் இராது, ஆனாலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் இடம் மீனவர் தெரு. பச்சை, நீலம் பூசிய மரப் பால்கனிகள், பூந்தொட்டிகள், வெளியே மேசைகள். மேலே மதில் சூழ்ந்த பழைய ஊர். கல் பாவிய சாய்வான தெரு, அப்பா மெதுவாக ஏறட்டும். பெட்டி இல்லாமல் இந்த நாளை முடித்துக்கொண்டு மாலையில் திரும்பிவிடலாம். பெட்டியோடு சான் செபாஸ்டியன் போகிற நாளில் ஆந்தாயிலிருந்து நேராகப் போகும் குறுகிய தட ரயிலில் ஏறுங்கள். சுரங்கங்கள் நிறைய இருப்பதால் அதற்கு ‘தொப்போ’, அகழெலி, என்று பெயர். சுமார் 40 நிமிடப் பயணம்.

சான் செபாஸ்டியனை அதன் மக்கள் தொனோஸ்தியா என்பார்கள். லா கோஞ்சா குடா சிப்பிபோல வளைந்திருக்கும், நடுவே ஒரு தீவு காவல் நிற்கும். 1887 முதல் ராணி மரியா கிறிஸ்தீனா ஒவ்வொரு கோடைக்கும் வந்ததால் ஊர் வளர்ந்தது. கரையோர நடைபாதை சமதளமாக இருப்பதால் அப்பாவுக்குச் சிரமம் இல்லை. அதன் மேற்கு முனையில் பாறைகளில் பொருத்திய மூன்று இரும்புக் கொக்கிகள் காற்றைச் சீவுவதுபோல நிற்கின்றன. இந்த ஊரில் பிறந்த சிற்பி எதுவார்தோ சிய்யீதாவின் படைப்பு அது. பக்கத்துக் கற்றளத்தில் துளைகள் இருக்கும். கடல் பொங்கும் நாளில் அலை அடியில் மோதும்போது துளை வழியே காற்று மூச்சுபோலச் சீறி வரும். அம்மாவை அதன்மேல் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய நகர் அவ்வளவு பழையது அல்ல. 1813 ஆகஸ்ட் 31 அன்று, பிரெஞ்சுப் படையிடமிருந்து ஊரை ‘விடுவித்த’ ஆங்கில, போர்த்துக்கீசியப் படைகளே அதைக் கொள்ளையிட்டன, ஊர் எரிந்து சாம்பலானது. தப்பிய தெருவுக்கு அந்தத் தேதியையே பெயராக வைத்திருக்கிறார்கள். அரசியலமைப்புச் சதுக்கத்தில் ஒவ்வொரு பால்கனிக்கு மேலும் எண் எழுதியிருக்கும். சதுக்கத்தில் காளைப்போர் நடந்த காலத்தில் இருக்கைகளுக்கு இட்ட எண்கள் அவை.

நேரம் இருந்தால் கெத்தாரியாவுக்கு ஒரு மதியம் போய்வாருங்கள். மகெல்லன் வழியில் கொல்லப்பட்ட பிறகு, 1522இல் உலகை முதன்முதலாகச் சுற்றி முடித்துக் கப்பலைக் கொண்டுவந்து சேர்த்த எல்கானோ பிறந்த ஊர். அங்குள்ள கோயிலின் தரை கப்பல் தளம்போலச் சாய்ந்திருக்கும். அதன் அடியில் ஒரு தெரு புகுந்து துறைமுகத்துக்குப் போகிறது.

சாப்பாடு. மனைவிக்குக் கொஞ்சம் கவனம் தேவை. ‘காய்கறி’ என்று எழுதிய தட்டிலும் பன்றித் தொடைக்கறித் துணுக்கு இருக்கும். இறைச்சி இல்லை என்று சொன்னால் சூரை மீன் வரும். இறைச்சியும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். ‘பராஸ்கியாலே’ என்றால் சைவம் சாப்பிடுபவர். முட்டை சாப்பிடுவார் என்றால் கவலையே இல்லை. உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் கிடைக்கும். கெர்னிகாவின் சின்னப் பச்சை மிளகாயை எண்ணெயில் பொரித்து உப்புத் தூவிக் கொடுப்பார்கள், காரம் இருக்காது. ‘தாலோ’ என்ற மக்காச்சோள மாவு ரொட்டியைச் சந்தையில் சூடாகத் தட்டித் தருவார்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடு கறுப்புச் செர்ரிப் பாகு சேர்த்துச் சாப்பிடுவது பிரான்ஸ் பக்க வழக்கம். மதிய உணவுக் கடைகள் பிரான்ஸ் பக்கம் இரண்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடும், ஸ்பெயின் பக்கம் அப்போதுதான் கூட்டம் வரும். எல்லை தாண்டும் நாளில் இது உங்களுக்குச் சாதகம்.

பில்பாவோவில் கூகன்ஹைம் அருங்காட்சியகம் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக் கெர்னிகாவுக்கு ஒதுக்குங்கள், முடிந்தால் திங்கட்கிழமையாக இருக்கட்டும். பில்பாவோவிலிருந்து சிறு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. திங்கட்கிழமை அங்கே சந்தை நாள். 1937 ஏப்ரல் 26ஆம் தேதியும் திங்கட்கிழமைதான். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஃபிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் அன்று பிற்பகல் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் குண்டு வீசி ஊரை எரித்தன. மேட்டில் நின்ற கருவாலி மரமும் சபை மண்டபமும் தப்பின. அந்த மரத்தடியில்தான் காஸ்தில்ய மன்னர்கள், கெர்னிகா இருக்கும் பிஸ்காயா பகுதி மக்களின் சட்டங்களை மதிப்போம் என்று சத்தியம் செய்தார்கள். பாஸ்க் அரசின் தலைவர் இன்றும் அங்கேதான் பதவிப் பிரமாணம் எடுக்கிறார். பழைய மரத்தின் பட்டுப்போன அடிமரத்தைத் தூண்கள் சூழ்ந்த சிறு மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் சந்ததியான இளமரம் 2015இல் நட்டது, இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. சபை மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், மரம் அங்கேயும் விரிந்திருக்கும். சந்தையில் காய்கறி விற்கும் கிழவிகளைப் பார்த்துவிட்டு அமைதி அருங்காட்சியகத்துக்குப் போங்கள்; திங்கட்கிழமை அது பெரும்பாலும் மூடியிருக்கும், திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் போனால்தான் அங்கே இருந்த வாழ்க்கை எது என்பது புரியும்.

கடைசியாக அம்மாவின் ஆசை. ஹவியேர் கோட்டை நவார்ரா பகுதியில், பாம்ப்லோனாவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். சான் செபாஸ்டியனிலிருந்து பாம்ப்லோனாவுக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ரயில் இல்லை, பஸ் மிகக் குறைவு. டாக்ஸிதான் வழி, போகவரப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு முழு நாள் போய்விடும். சான் செபாஸ்டியனில் மூன்று இரவு தங்கச் சொன்னது இதற்காகத்தான். கோட்டை திறக்கும் நேரத்தை முந்தின நாளே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சவேரியார் 1506 ஏப்ரல் 7 அன்று அங்கே பிறந்தார். நவார்ரா அரசு காஸ்தில்யரிடம் வீழ்ந்த பிறகு, 1516இல், அவர் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது, கோட்டையின் மதிலையும் கோபுரங்களையும் இடித்துத் தள்ளினார்கள். இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி பிற்காலத்தில் புதுப்பித்தது. 1521இல் பாம்ப்லோனாவில் நடந்த சண்டையில் அவருடைய அண்ணன்மார் நவார்ரா பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கத்தில் காலில் குண்டடிபட்டு விழுந்தவர் இன்னொரு பாஸ்க்காரர், லொயோலா இஞ்ஞாசியார். பின்னாளில் பாரிஸில் இருவரும் நண்பர்களாகிச் சேசு சபைக்கு வித்திட்டார்கள். கோட்டைச் சிற்றாலயத்தில், உதட்டில் புன்னகையோடு சிலுவையில் தொங்கும் மரத்தாலான இயேசு உருவம் இருக்கிறது. பின்சுவரில் எலும்புக்கூடுகள் ஆடும் பழைய ஓவியம். அதன்முன் அம்மாவைத் தனியாகக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

சவேரியார் என்று நாம் அழைப்பது ஓர் ஊரின் பெயரை. ‘எச்செ பெர்ரி’, புது வீடு, என்ற பாஸ்க் சொல்தான் தேய்ந்து ஹவியேர் ஆயிற்று, சேவியர் ஆயிற்று, முத்துக்குளித்துறையில் சவேரியார் ஆயிற்று. உங்கள் ஊர்ப்பக்கத்துச் சவேரிமுத்துகளுக்கும் சவேரியம்மாள்களுக்கும் பெயரில் ஒரு பாஸ்க் வீடு இருக்கிறது. 1542இல் அந்தக் கரைக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை, அவர்களின் தாய்மொழி மலபார், என்னுடையது பிஸ்காயா மொழி என்று குறிப்பிட்டிருக்கிறார். போர்த்துக்கீசியர் தமிழை அன்று மலபார் என்றார்கள், பிஸ்காயா மொழி என்றது பாஸ்க்கை. பிறகு இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்துச் செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணி அடித்தபடி தெருத்தெருவாக நடந்ததாகவும் அதே கடிதம் சொல்கிறது.

டாக்ஸியில் போகும்போது இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள். மணப்பாட்டுக் குகையைப் பார்த்த கண்கள் அந்தக் கோட்டை வாசலைப் பார்க்கப் போகின்றன. மலைப்பக்கம் சாரல் எப்போது வேண்டுமானாலும் வரும், ‘சிரிமிரி’ என்பார்கள் அதை. நான்கு பேருக்கும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்றில் குடை நிற்காது.